மலையேறும் மூட்டை

கள்ளக்குறிச்சிக்கு நான் போனது சாம்பலைப் பார்க்க. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர், "கல்வராயன் மலைக்கா? அருவி பாக்கவா சார்?" என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு சின்னசேலம் வரை அவர் என்னிடம் பேசவில்லை.

ஆத்தூர் தாண்டியதும் மரவள்ளி, மக்காச்சோளம், கரும்பு, நெல் என்று வயல்கள் மாறி மாறி வரும். வடக்கே ஒரு மலைத்தொடர் கூடவே வரும். அதுதான் கல்வராயன். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. சேலத்துக்காரர்கள் அதைத் தங்கள் பக்கத்திலிருந்து ஏறுவார்கள், கள்ளக்குறிச்சிக்காரர்கள் தங்கள் பக்கத்திலிருந்து. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு, மலைக்கென்று ஒரு வட்டமும் வந்தது. வெள்ளிமலை அதன் தலைமையிடம்.

சாம்பல் இங்கே இரண்டு இடத்தில் கிடைக்கும். ஒன்று, கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள அரிசி ஆலைகள். இன்னொன்று, கரும்பாலைகள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. இரண்டு சாம்பலுமே சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாகும் என்று பல ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சாம்பல் கிடக்கும் சமவெளியிலிருந்து சிமெண்டு மூட்டை ஏறிப்போகும் மலை வரை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

ஊரை ஒட்டிய ஓர் அரிசி ஆலையில் கேட்டதும் விட்டுவிட்டார்கள். நெல் அவிக்கும் கொதிகலனுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குச் சாம்பல் குவிந்து கிடந்தது. தூரத்தில் கரும்பொடியாகத் தெரிந்தது. ஒரு கைப்பிடி அள்ளியபோது ஒவ்வொரு உமியும் அதன் வடிவத்தோடு, அந்தப் படகு வளைவோடு, அப்படியே இருந்தது. விரலால் அழுத்தினால் சத்தமில்லாமல் நொறுங்கி ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கழுவினாலும் போவதில்லை. நம் தாத்தாக்கள் உமிக்கரியில் பல் தேய்த்துப் பல் வெளுத்ததற்குக் காரணமும் இதற்குள் இருக்கும் மணற்சத்துதான். நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்துவைத்த சிலிக்கா அது.

நூறு கிலோ நெல்லில் உமி ஏறத்தாழ இருபது கிலோ. அதை எரித்தால் நாலு கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் பத்தில் எட்டரைப் பங்குக்கு மேல் சிலிக்கா. மிதமான வெப்பத்தில் எரித்தால் சிலிக்கா படிகமாகாமல் துடிப்போடு இருக்கும், சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும். வெப்பம் எகிறிவிட்டால் படிகமாகி மந்தமாகிவிடும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பி.குமார் மேத்தா 1970களில் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பி.சி.கபூர், கிராமத்திலேயே உமியைப் பதமாக எரிக்க ஓர் எளிய அடுப்பை வடிவமைத்தார். கபூரின் அடுப்பை நான் இதுவரை எந்த ஊரிலும் பார்த்ததில்லை. நான் பார்த்த ஆலைச் சாம்பல் கருப்பு. கருப்பென்றால் எரியாத கரி மிச்சம் என்று பொருள். நெல் அவிக்க நீராவி வந்தால் ஆலைக்குப் போதும். சாம்பல் எந்தப் பதத்தில் வருகிறது என்பது அவர்கள் கவலை இல்லை, இருக்கவும் நியாயம் இல்லை.

கச்சிராயபாளையம் போகும் வழியில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. மாசி மாதம், அரவை நேரம். கரும்பைப் பிழிந்தால் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் சக்கையாக வரும். அந்தச் சக்கையே ஆலையின் எரிபொருள். எரித்த பிறகு வருகிற சாம்பல் நாடெங்கும் பெரும்பாலும் பள்ளம் நிரப்பத்தான் போகிறது. இதை ஒழுங்காக உட்கார்ந்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் பகுருதீன். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மனு சந்தானத்தோடு சேர்ந்து அவர் செய்த வேலை 2015இல் ஆய்விதழ்களில் வெளிவந்தது. அவர்கள் கண்டுபிடித்தது, சொல்லப்போனால், சமையலறைச் சங்கதி: சலித்துவிட்டு அரைக்க வேண்டும். சக்கைச் சாம்பலில் நார் நாராகச் சரியாக எரியாத துகள்கள் கிடக்கின்றன. கெடுதல் அவற்றால்தான். 300 மைக்ரான் சல்லடையில் சலித்தால் அவை பெரும்பாலும் நீங்கும். மிச்சத்தைச் சிமெண்டு அளவுக்கு நைசாக அரைத்தால் நல்ல சேர்மானம் கிடைக்கும். சிமெண்டில் 25 சதவீதம் வரை அதைக் கலந்து சோதித்தார்கள். கான்கிரீட்டில் தண்ணீர் ஊடுருவுவது குறைந்தது, இறுகும்போது வரும் சூடும் குறைந்தது. பள்ளத்தில் கொட்டப்படும் பொருளுக்கு இது நல்ல மதிப்பெண்.

கோமுகி அணையில் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் கீழே போயிருந்தது. பூங்காவில் ஆள் இல்லை. அதற்கு மேல் அங்கே எழுத ஒன்றுமில்லை.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் எனக்கு முன்னால் ஒரு மினி லாரி திணறி ஏறிக்கொண்டிருந்தது. சிமெண்டு மூட்டை, கம்பி, மேலே இரண்டு சித்தாள். பேருந்து அதை முந்தவே இல்லை. நல்லதாகப் போயிற்று, கணக்குப் போட நேரம் கிடைத்தது.

நான் போட்ட கணக்கு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துடையது. அங்கே 1974இல் அமுல்ய ரெட்டி தொடங்கிய 'அஸ்த்ரா' என்ற அமைப்பு கிராமங்களுக்கான தொழில்நுட்பத்தை ஆராய்ந்தது. அதில் கட்டடப் பக்கத்தைக் கையில் எடுத்தவர்கள் கே.எஸ்.ஜெகதீஷும் பி.வி.வெங்கடராம ரெட்டியும். இருவரும் 2003இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இன்றும் இந்தியக் கட்டுமானப் படிப்பில் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு கட்டடப் பொருளை உண்டாக்கவும் கொண்டுவரவும் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று பொருள் பொருளாக எடுத்து அதில் அட்டவணை போட்டார்கள். சிமெண்டு கிலோவுக்கு 5.85 மெகாஜூல். எஃகு 42. இந்த எண்கள் காகிதத்தில் ஒன்றும் சொல்லாது. 50 கிலோ மூட்டைக்குப் பெருக்கி, மின்சார யூனிட்டாக மாற்றினால், ஒரு மூட்டை சிமெண்டுக்குள் 81 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக வருகிற 100 யூனிட்டில் ஐந்தில் நான்கு பங்கு, அந்த ஒரே மூட்டைக்குள் இருக்கிறது.

அதே அட்டவணையில் என்னைத் திடுக்கிட வைத்த வரி வேறு. சுண்ணாம்பு, கிலோவுக்கு 5.63 மெகாஜூல். அதாவது சிமெண்டுக்கு ஒரு விரற்கடை கீழே. நம்மூரில் 'மரபுக் கட்டுமானம்' பேசுகிற நண்பர்கள் சுண்ணாம்பைப் பச்சைப் பொருள் என்று கொண்டாடுவார்கள். சூளையில் சுண்ணாம்புக்கல்லைச் சுடவும் விறகும் நிலக்கரியும் வேண்டும். சுடும்போது கல்லுக்குள் இருக்கிற கரியமில வாயு வெளியேறத்தான் செய்யும். சிமெண்டுக்கும் அதுதான் பெரிய கேடு, அதன் உமிழ்வில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருவது. சுண்ணாம்பு பின்னாளில் காற்றிலிருந்து அந்த வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் சூளைக்குப் போட்ட விறகு திரும்பி வராது. அட்டவணையில் நிஜமாகவே கீழே இருப்பது அடுத்த வரி: சுண்ணாம்போடு பொசொலானா, அதாவது சாம்பல், சுர்க்கி எனும் செங்கல் தூள் போன்ற சிலிக்காப் பொருள்களைக் கலந்த சாந்து. கிலோவுக்கு 2.33. பாதிக்கும் கீழே. சிக்கனம் சாம்பலால் வருகிறது. கள்ளக்குறிச்சியில் அது கொட்டிக் கிடக்கிறது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். லாரியில் 50 கிலோமீட்டர் கொண்டுவந்தால் ஒரு டன் சிமெண்டுக்கு 50 மெகாஜூல். மூட்டைக்கு இரண்டரை. உள்ளே இருப்பதோ 290 சொச்சம். ஒரு யூனிட் மணலை, அதாவது நூறு கன அடியை, அதே தூரம் கொண்டுவர ஏறத்தாழ 250 மெகாஜூல். ஒரே ஒரு சிமெண்டு மூட்டையைவிடக் குறைவு. அட்டவணை சமதளச் சாலைக்குப் போட்டது. முன்னால் முனகிக்கொண்டு போகும் மினி லாரிக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மலை ஏறுவது ஆற்றல் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. இது எனக்கு உறுத்தலாக இருந்தது. மலையில் வீடு கட்டுகிற யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது வண்டி வாடகையைத்தான்.

சாலை இப்போது முன்னைவிட மேல் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போதுதான் கல்வராயன் மலையின் பெயர் தமிழ்நாடு முழுக்க அடிபட்டது, சாராயம் காய்ச்சும் மலை என்று. அதைத் தொடர்ந்து சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. காட்டுக்குள் சாலை போட முடியாது என்பது பல காலம் சொல்லப்பட்டு வந்த பதில். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ சாலை, பள்ளி, குடிநீர் உள்ளிட்ட 13 வகைப் பணிகளுக்குக் கிராம சபைப் பரிந்துரையின் பேரில் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை விடலாம் என்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

கரியாலூரில் காற்று மாறிவிடுகிறது. வெள்ளிமலை ஒரு சின்னக் கடைத்தெரு, அலுவலகங்கள், பள்ளி. இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து முன்னோர் வந்தார்கள் என்பது அவர்கள் சொல்லிவருகிற கதை. மலை வெகுகாலம் மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. 1976இல்தான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. தன் வீட்டை எங்கே, எதைக்கொண்டு கட்டலாம் என்று தானே முடிவு செய்யும் உரிமை இங்கே பலருக்கு ஒரு தலைமுறைக்கு முன்னால் வந்ததுதான்.

தார்ச்சாலை முடிந்து மண்பாதையில் நடந்து சேரும் ஒரு குக்கிராமத்துக்கு, வெள்ளிமலையில் அறிமுகமான ஓர் இளைஞர் கூட்டிப்போனார். இருபது, முப்பது வீடு இருக்கும். பழைய வீடு என்று சொல்லத்தக்கது ஒன்றுதான் மிச்சம். மூங்கிலைப் பிளந்து படலாகப் பின்னி இரண்டு பக்கமும் மண் அப்பிய சுவர். மண் உதிர்ந்த இடத்தில் மூங்கில் பின்னல் தெரிந்தது. செங்குத்துக் கழிகளுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி, நார் கொண்டு கட்டிய முடிச்சு, சாணி கலந்த பூச்சு. திண்ணையில் கை வைத்தால் குளுமை. கூரையில் புல் எடுத்துவிட்டுத் தகரம் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கார ஆயாவிடம், "புல்லுக் கூரையே நல்லா இருந்திருக்குமே ஆயா" என்றேன். நகரத்திலிருந்து வருகிறவன் சொல்லவேண்டிய வசனம் அது.

"நீ வந்து ஏறி வேய்வியா?" என்றார்.

அதற்குப் பிறகு அவரே விளக்கினார். புல் அறுக்க ஆள் வேண்டும். ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தீக்குப் பயம், எலிக்குப் பயம், எலிக்குப் பின்னால் வரும் பாம்புக்குப் பயம். பிள்ளைகள் மிளகுத் தோட்ட வேலைக்குக் கேரளாவுக்கும் காப்பி வேலைக்குக் குடகுக்கும் போய்விட்டார்கள். கூரை மேல் ஏறுவது யார்? மூங்கிலைப் பற்றி அவர் சொன்னது இன்னும் கடுமை. வெட்டினால் வாட்சர் பிடிப்பார், வெட்டாவிட்டால் வீடு சாயும். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று எழுதிவைத்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க 2017 வரை ஆயிற்று. 2006ஆம் ஆண்டுச் சட்டம் மூங்கிலைச் சிறுவனப் பொருள் என்று சொல்லி உரிமை தந்த பிறகும், அந்த உரிமை மலை ஏறி வந்து சேரத் தாமதம் ஆயிற்று. மண்ணும் மூங்கிலுமான வீடு அழிந்ததற்கு மக்களின் சிமெண்டு மோகத்தை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அவருக்கு மெத்தை வீடு வேண்டும். அரசு வீட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். தமிழ்நாட்டை 2030க்குள் குடிசையில்லாத மாநிலமாக்க 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 8 லட்சம் வீடுகளைக் குறிக்கோளாக வைத்தது. வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, பெரும்பகுதிக்குக் கான்கிரீட் கூரை. சமவெளியில் இருக்கிறவருக்கு இந்தத் தொகை இழுத்துப் பிடித்தால் காணும்.

நான்கு வீடு தள்ளி அப்படி ஒரு வீடு லிண்டல் மட்டத்தில் நின்றது. கச்சிராயபாளையம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் அன்றைக்கு வேலையில் இருந்தார். பெயரைக் கேட்டேன், "மேஸ்திரின்னே எழுதுங்க" என்றார். அவருடைய வேலையை அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். கட்டுமான மேலாண்மை என்று பல்கலைக்கழகங்களில் ஒரு படிப்பு இருக்கிறது. எந்த வேலை எதற்கு முன், எந்தப் பொருள் எந்த நாளில், யாருக்கு எப்போது பணம் என்று வலைப்பின்னல் போட்டுக் காட்டுவார்கள். மேஸ்திரி அதைச் செங்கல் துண்டால் சுவரில் எழுதி வைத்திருந்தார். கம்பி வந்த நாள், ஜல்லி எத்தனை நடை, யாருக்கு எவ்வளவு பாக்கி.

"கீழ ஒரு வீட்ட நாப்பத்தஞ்சு நாள்ல முடிச்சுருவேன் சார். இங்க ஆறு மாசம். ஜல்லி வந்தா சிமெண்டு இருக்காது. சிமெண்டு வந்தா ஆள் இருக்காது. ஆள் வந்தா தண்ணி இருக்காது."

பணம் கட்டம் கட்டமாக வரும். அஸ்திவாரம் முடித்துப் படம் எடுத்தால் ஒரு தவணை, லிண்டல் எட்டினால் அடுத்தது, கூரை போட்டால் அடுத்தது. டிராக்டர் இந்த மண்பாதையில் மழைக்காலத்தில் ஏறாது. ஐப்பசி, கார்த்திகையில் பணம் வந்தால் தை வரை கையில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் அது மருந்துக்கோ படிப்புக்கோ செலவாகும். தையில் பாதை காயும்போது வீட்டு ஆண்கள் மிளகு பறிக்கக் கிளம்பிவிடுவார்கள். அதனால் சிமெண்டை மொத்தமாக முன்கூட்டியே ஏற்றிவிடுகிறார்கள், ஒரே வாடகையில் முடிக்கலாம் என்று. மேஸ்திரி என்னைப் பின்பக்கக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். சுவரோரம் அடுக்கிய மூட்டைகளில் கீழ் வரிசை நான்கை உதைத்துக் காட்டினார். கல். பனியும் ஈரத் தரையும் அதை ஏற்கெனவே வீடாக்கிவிட்டன. மூன்று மாதம் சேமித்த சிமெண்டு வலுவில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கும் என்று பொறியியல் பாடப்புத்தகம் சொல்லும். அது காய்ந்த கிடங்குக்குச் சொன்ன கணக்கு.

பேருந்தில் போட்ட கணக்கில் எனக்கிருந்த உறுத்தல் அந்தக் கொட்டகையில்தான் விலகியது. இறுகிப்போன ஒரு மூட்டையில் வீணானது 290 மெகாஜூல். 50 கிலோமீட்டருக்கு இரண்டரை மெகாஜூல் என்ற அதே விகிதத்தில் பார்த்தால், அந்த ஆற்றலில் ஒரு மூட்டையை ஏறத்தாழ 5,850 கிலோமீட்டர் லாரியில் கொண்டு போகலாம். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போய், திரும்பும் வழியில் பாதித் தூரத்துக்கு மேல் வந்துவிடலாம் போல. வாடகையை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு, வண்டிக்கு ஆகும் ஆற்றலைப் போலப் பல மடங்கைத் தின்றுவிட்டது. அந்த வீட்டுக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தவணை வரும் நாளையும் பாதை காயும் நாளையும் யாரும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. பசுமைக் கட்டடம் என்றதும் நாம் பொருளைப் பற்றியே பேசுகிறோம், மண்ணா, சுண்ணாம்பா, சிமெண்டா என்று. இந்த மலையில் அதற்கு முன்னால் தேதியைப் பேசவேண்டும் என்று தோன்றியது. தவணையை மார்கழிக் கடைசியில் கொடுத்தால் போதும், எந்தப் புதுப் பொருளும் கண்டுபிடிக்காமல் சில மூட்டைகள் பிழைக்கும்.

தண்ணீர் இன்னொரு கதை. வீட்டுக்காரம்மா குடத்தைத் தலையில் வைத்து ஏறி வந்து, புதிதாகக் கட்டிய சுவரில் விசிறிக்கொண்டிருந்தார். ஊற்று கீழே ஓடையோரம். கான்கிரீட்டைச் சாதாரணச் சிமெண்டு என்றால் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும், சாம்பல் கலந்தது என்றால் குறைந்தது 10 நாள் என்கிறது 2000ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 விதி. ஆய்வுக்கூடத்தில் இது ஒரு அடிக்குறிப்பு. இங்கே மூன்று நாள் கூடுதல் என்றால் அந்த அம்மாவின் தலையில் மூன்று நாள் கூடுதல் குடம். அதே விதிநூல் உமிச்சாம்பலைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்கிறது. கரும்புச் சக்கைச் சாம்பலின் பெயர் அதில் இல்லை.

மதியம் ஆயா வீட்டு வாசலில் கடுக்காய் காய்ந்துகொண்டிருந்தது. கல்வராயன் கடுக்காய்க்குச் சந்தையில் பேர் உண்டு. மாசியில் பொறுக்கிக் காயவைத்து விற்பார்கள், மருந்துக்கும் தோல் பதனிடவும் போகும். மேஸ்திரி ஒரு காயை எடுத்துக் கல்லில் தட்டி உடைத்துக் காட்டினார். அவருடைய தாத்தா கோயில் வேலைக்குப் போனவராம். கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் கலந்து ஊறவைத்துச் சுண்ணாம்பை இடித்த கதையெல்லாம் சொல்வாராம்.

அந்தக் கதைக்கு இப்போது ஆய்வுக்கூடச் சான்று இருக்கிறது. வேலூர் வி.ஐ.டி.யில் பேராசிரியர் திருமலினியும் அவருடன் பணியாற்றியவர்களும் பழைய கோயில்களின் சாந்தைப் பகுத்துப் பார்த்தார்கள். கடுக்காய், வெல்லம் முதலிய சேர்மங்கள் சுண்ணாம்புச் சாந்தை என்ன செய்கின்றன என்று ஆராய்ந்து வருகிறார்கள். சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் அதிகமாகக் கரையவைக்கிறது. புளிக்கும்போது வெளிவரும் கரியமில வாயு சாந்தின் உள்பக்கமும் இறுக உதவுகிறது. கடுக்காயின் துவர்ப்பும் தன் பங்கைச் செய்கிறது. இதில் ஒரு வேடிக்கை: அதே சர்க்கரையைச் சிமெண்டில் ஒரு கைப்பிடி போட்டால் அது இறுகவே இறுகாது. மேஸ்திரிக்கு இது தெரிந்திருந்தது. கூலி தராத வீட்டில் சில கொத்தனார்கள் கலவையில் சர்க்கரை போட்ட கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

மலையில் கடுக்காய், அடிவாரத்தில் கரும்பும் உமிச்சாம்பலும். சாந்தில் சுண்ணாம்போடு சேரும் மூன்றும் ஒரே மாவட்டத்தில். சுண்ணாம்பு, சாம்பல் கலவைக்கு ஐ.எஸ். 4098 என்ற தரக்குறிப்பு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மண்ணோடு சிறிதளவு சிமெண்டு சேர்த்து அழுத்திச் செய்யும் கல்லுக்கு ஐ.எஸ். 1725 இருக்கிறது. ஜெகதீஷும் வெங்கடராம ரெட்டியும் கையால் இழுக்கும் எந்திரத்தில் அந்தக் கல்லைச் செய்து காட்டினார்கள். அந்தச் சுவரின் ஆற்றல் சுட்ட செங்கல் சுவரில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியது என்று அவர்கள் கணக்கு. ஆரோவில்லில் அதே வகைக் கல்லால் கட்டிய பார்வையாளர் மையம் 1992இல் ஹசன் ஃபாத்தி பெயரிலான கட்டடக் கலை விருதைப் பெற்றது. கள்ளக்குறிச்சி விழுப்புரத்தோடு இருந்தவரை ஆரோவில்லும் இந்த மலையும் ஒரே மாவட்டம். ஒரே ஆட்சியரின் கீழ் இருந்த இரண்டு இடங்களுக்கு நடுவே அந்தக் கல் பயணப்படவில்லை. எந்திரம், பழகிய இரண்டு ஆள், மதிப்பீட்டில் அந்தக் கல்லுக்கென்று ஒரு வரி. இவ்வளவுதான் குறை. பொறியாளர் எழுதும் மதிப்பீட்டில் இல்லாத பொருளுக்குத் தவணை வராது, தவணை வராத பொருளை எந்த ஏழையும் தேர்ந்தெடுக்க மாட்டார்.

ஆயாவுக்கு மண்கல் வீடு வேண்டுமா என்று கேட்டேன். "கவர்மெண்டு ஆபீசை மண்ணுல கட்டட்டும், பாத்துட்டு நானும் கட்டுறேன்" என்றார். வெள்ளிமலையில் இப்போதுதான் அலுவலகங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. அவர் சொன்னதைவிட நல்ல திட்ட அறிக்கையை நான் படித்ததில்லை.

மாலைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மேஸ்திரியிடம் சர்க்கரை ஆலைச் சாம்பலைப் பற்றிச் சொன்னேன். அவர் ஊருக்குப் பக்கத்து ஆலை.

"சலிச்சு அரைச்சுச் சேத்தா, மூட்டையில கால் பங்கு மிச்சமாம்."

"சலிக்கிறது செய்யலாம். அரைக்கிறது எங்க சார்? கேவுரு மில்லுலயா?"

சிமெண்டு அளவு நைசாக அரைக்கும் ஆலை இங்கிருந்து பார்த்தால் அரியலூரில் இருக்கிறது. சாம்பல் கிடக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். சாம்பலை அங்கே கொண்டுபோய் அரைத்துக் கலந்து மூட்டையாகத் திருப்பிக் கொண்டுவந்தால், போக 5 மெகாஜூல், வர 5 மெகாஜூல், அரைக்கிற மின்சாரம் தனி. இறுகிப்போன ஒரு மூட்டைக்கு முன்னால் இது ஒன்றுமில்லை என்று அவரிடம் கணக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாந்துச் சட்டியைக் கழுவினார்.

"ஆலைக்காரன் சாம்பலச் சும்மா குடுப்பான், சரி. அரியலூர்க்காரன் அவன் சிமெண்டு விக்கிறத விட்டுட்டு எதுக்கு உங்க சாம்பல அரைப்பான்? அதுக்கு ஒரு ஆளப் பாத்துட்டு வாங்க. மூட்ட வந்தா, மொத நடை நான் எடுத்துக்கறேன், தை மாசத்துக்குள்ள."